மடுல்சீமைக்கு ஒரு சுவர்

ஷிரோமிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். அடையாள அட்டையைக் கசக்கிக்கொண்டு வந்து நீட்டினால், கொப்பி கைக்கு வருமுன் நாலு வார்த்தை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பழைய படம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்குவாள்.

மாதா கோயில் மண்டபத்தில் பழைய பதுளைப் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைப்பதென்று முடிவானபோது, வருகிற படங்களை ஸ்கேன் செய்யும் வேலை அவளிடம் வந்தது. பொறுப்பாக இருந்தவர் இரகுநாதன். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். படங்கள் வந்து குவிந்தன. புகையிரத நிலையம், கடைவீதி, தோட்டத்துத் துரைமாரின் பங்களா, அவர்களுடைய நாய் உட்பட எல்லாம் இருந்தன. தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளில் வாழும் லயத்துச் சனம் மட்டும் ஒருவர்கூட இல்லை. மலைமேல் மடுல்சீமை லயத்தில் பிறந்த ஷிரோமிக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கு ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டாள். அவரும் தருவதாகச் சொன்னார். படம் சேராவிட்டால் கடைக்காரர் படங்கள் அங்கே ஏறிவிடும் என்றார். நியாயம்தானே.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மடுல்சீமைக்குப் பஸ் ஏறினாள். பாதை உடைந்து கிடந்ததால் மீதித் தூரத்தை நடந்தாள். லயம் லயமாகக் கேட்டாள். சனம் தகரப் பெட்டியைத் திறந்து மனதாரக் கொடுத்தது. கொடுத்ததெல்லாம் சாவு வீட்டுப் படம்! நடுவில் திறந்த சவப்பெட்டி, சுற்றிவர லயமே நிற்கிறது. பின்னே என்ன? கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் டவுன் ஸ்டூடியோவுக்கு இறங்கிப் போவார்கள். படம் பிடிப்பவர் மலையேறி லயத்துக்கு வந்தது சாவுக்கு மட்டும்தான். இந்தியாவுக்குப் போய்விட்ட சொந்தங்களுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமே.

இரகுநாதன் முகம் வாடிப்போனது. “செத்தவீட்டுப் படத்தை ஆர் பிள்ளை வந்து பாக்கிறது?” என்றார். கம்ப்யூட்டரில் சவப்பெட்டியை மட்டும் வெட்டிவிடலாமே என்றும் சொன்னார். சுவர் கைவிட்டுப் போகக்கூடாது என்ற அவசரத்தில் அவளுக்கும் அது சரியென்றே பட்டது. இருந்தாலும் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. மறுபடி மலையேறினாள்.

முதலில் போனது சூசையம்மாவிடம். கொழுந்து பறித்து ஓய்ந்தவள். அவள் தந்த படத்தில் பெட்டிக்குள் கிடப்பவர் அவள் புருஷன் மத்தேயு. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவரு செத்ததுனாலதான் நாங்க எல்லாரும் ஒண்ணா நின்னோம். அவர வெட்டிட்டா, நாங்க யாருக்காக அழுவுறோம், சொல்லு?”

ஷிரோமி கூனிக் குறுகிப் போனாள். கடைக்கு வந்து எல்லாப் படத்தையும் அப்படியே, பெரிதாக அச்சடித்தாள். மாட்டினால் முழுசாக மாட்டுவோம், இல்லாவிட்டால் சுவரே வேண்டாம் என்று இரகுநாதனிடம் ஒரே போடாகப் போட்டாள். சூசையம்மா கேட்டதையும் சொன்னாள். அவர் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக்கிடந்த சண்டைக் காலத்தில் தன் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் போனதைச் சொன்னார். அந்தச் செத்தவீட்டுப் படம் ஒன்றுகூட இல்லையாம். பிறகு எழுந்துபோய் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார்.

கண்காட்சியன்று மடுல்சீமையிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் பெருநாள் உடுப்பில் வந்திறங்கியது. பங்களாப் படங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே தங்கள் சுவருக்குப் போனது. முதலில் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு விரல்கள் நீண்டன. இது நான், இது நம்ம மேட்டு லயம், மண் சரிஞ்சு போன கோயில் அந்தா நிக்குது பாரு! அழுதார்கள், அதற்குள் சிரித்தார்கள். டவுன்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஷிரோமிக்குப் பெருமை என்றால் அப்படியொரு பெருமை, நெஞ்சு கொள்ளவில்லை.

சூசையம்மா எல்லாரையும் சுவருக்கு முன்னால் கூட்டி நிறுத்தினாள். ஓரமாய் நின்ற ஷிரோமியைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்தாள். படமெடுக்க ஷிரோமியின் போனை இரகுநாதன் வாங்கிக்கொண்டார்.

“எடுங்க ஐயா,” என்றாள் சூசையம்மா. “இன்னைக்கு யாரும் சாகாமலே நிக்கிறோம்.”

அந்தப் படத்தை ஷிரோமி அன்றைக்கே பெரிதாக அச்சடித்து, மத்தேயுவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.