மாமாவின் மூன்று குற்றங்கள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்ட மாமா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். கம்மாபுரம் பக்கம் அம்மாவின் குடும்ப நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஆத்திரத்தில் ஒரு குழுவோடு சேர்ந்து குண்டு வைத்தவர். அதில் ஒரு வாட்ச்மேனின் கை போனது. இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: வாரம் ஒருமுறை வரும் நன்னடத்தை அலுவலருக்குத் திருப்தி இல்லாவிட்டால் மாமா மறுபடி உள்ளே போய்விடுவார்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா, செய்தது தப்பு என்று மாமாவோடு மணிக்கணக்காக வாதாடுவார். மாமா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அம்மா வாதாடவில்லை, மந்தாரக்குப்பத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் கடையில் அவரைச் சேர்த்துவிட்டாள்.

ஒருநாள் அலுவலர், "மாமா எப்படி இருக்காருன்னு எழுதிக் குடு பாப்பா" என்றார். பட்டியல் போடுவதென்றால் எனக்கு உயிர். ஆனால் மாமா உள்ளே போகவும் கூடாது, நான் பொய் எழுதவும் கூடாது. இரண்டும் எப்படிச் சேரும் என்று புரியாமலே எழுதினேன்.

ஒன்று, பழைய துண்டறிக்கைகளைப் பெட்டியில் வைத்திருக்கிறார். இரண்டு, டி.வி.யில் நிலம் எடுக்கும் செய்தி வந்தால் கெட்ட வார்த்தை சொல்கிறார். மூன்றாவதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்த அந்தக் குழுவின் பழைய கூட்டாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அண்ணன் கூப்பிட்டாரு, வா."

"வர்ல. ரெண்டு மோட்டாரு இன்னிக்கே குடுத்தாவணும். அவங்க வயலு காயுது."

"காயிலு சுத்திகினே சாவப்போறியா? தூ!"

"ஆமாண்டா, சுத்திகினேதான் சாவறேன். நீ கெளம்பு."

வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதையும் எழுதினேன்.

முதல் இரண்டையும் வேகமாகப் படித்த அலுவலர், மூன்றாவதில் நின்றார். "இது நெஜமா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இனிமே நான் மாசம் ஒரு தடவ வந்தாப் போதுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். குற்றம் மூன்றும் ருசுவான பிறகு எதற்கு இந்தச் சலுகை என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "தண்ணி குடுக்காததயுமா எழுதின?" என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், பாதியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

செய்த தப்பு உறைக்கிறது போலும் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்க மாமா. அடுத்த தடவ அந்த பைக்குக்காரரு வந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிடலாம்."