பதிமூன்று பேர் ஏறக்கூடிய லிஃப்டு

‘ஆதாரமின்றி முடிவுக்கு வராதவர், பதற்றம் அறியாதவர், சொந்த விருப்பு வெறுப்புகளைக் கடமைக்குள் நுழையவிடாதவர்.’ லிஃப்டு ஆய்வாளரைப் பற்றி அவருடைய மேலதிகாரி வருடந்தோறும் எழுதும் குறிப்பு இது. மேலதிகாரி அவரோடு குடித்தனம் நடத்தியவர் அல்ல.

குடித்தனம் நடத்துகிறவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் ஏழாவது மாடியில் வேலை பார்த்தாள். ஆறு மாதமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு சுருட்டை முடிக்காரன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவன் பேச்சும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“இன்னிக்குச் சுருட்டை என்ன சொன்னாரு தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சுக்கிற ஆசையும் இல்ல.”

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”

“பொறந்ததிலேருந்தே இப்படித்தான். நீ இப்பதான் பாக்குற.”

இந்த அளவில் நின்றிருந்தால் வெறும் புகைச்சலோடு போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலை அந்தக் கட்டடத்தின் வாசல் வழியாகப் போனவர், கண்ணாடிக் கதவுக்குள் இருவரும் லிஃப்டுக்கு நிற்பதைப் பார்த்தார். லிஃப்டு வந்தது. பதிமூன்று பேர் ஏறக்கூடியதில் நாலே பேர் ஏறினார்கள். இவர்கள் ஏறவில்லை. அது மேலே போய்க் காலியாகத் திரும்பி வந்த பிறகு இருவர் மட்டும் ஏறினார்கள். வேறு புருஷனாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டான். இவருக்கோ அதுதானே தொழில்!

மறுநாளே, மூன்று மாதம் கழித்துச் செய்யவேண்டிய ஆய்வை முன்கூட்டியே செய்யப் பையோடு போய் நின்றார். மனைவிக்கு அன்று வெளி வேலை. சுருட்டை தனியாக, வியர்த்துப்போய், கீழே நின்றுகொண்டிருந்தான்.

“ஏறுங்க தம்பி, ஆய்வாளர்தான் கூட வர்றேனே” என்றார், தேன் ஒழுக.

மூன்றாம் மாடி தாண்டியதும் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். சோதனையின் ஒரு பகுதி அது. அதற்குப் பிறகு குறுக்கு விசாரணை என்பது அவருடைய சொந்தச் சேர்க்கை. ஆனால் முதல் கேள்விக்கு முன்பே சுருட்டை தரையில் குந்தி அவருடைய காலைக் கட்டிக்கொண்டான்.

“சார், எனக்கு லிஃப்டுன்னா உயிரே போயிடும் சார்! கூட்டமிருந்தா இன்னும் மோசம். தினமும் எங்க மேடம்தான் கூட்டிட்டுப் போவாங்க. ‘ஆறு கயிறு இருக்கு, அஞ்சு அறுந்தாலும் ஒண்ணு தாங்கும்’னு சொல்லிக்கிட்டே வருவாங்க.”

ஆய்வாளர் திடுக்கிட்டார். வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்வது.

“மேடத்துக்கு யார் சொன்னது?”

“அவங்க வீட்டுக்காரர் சார். பதினோரு வருஷமா சோத்துல கை வச்சா இதே பேச்சுதானாம். காது புளிச்சுப்போச்சுன்னாங்க. ஆனா அந்த மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னும் சொன்னாங்க.”

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த நொடியே பாலில் ஈ விழுந்தது.

“சொல்லிக்கிட்டே வருவாங்க. அவ்வளவுதானே?”

“கையையும் பிடிச்சுக்குவாங்க சார்.”

“ஏழு மாடியுமா?”

“ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. டீக்குப் போனா இன்னும் ரெண்டு.”

அவனைப் பத்திரமாக ஏழாவது மாடியில் இறக்கிவிட்டார். பிறகு கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்தார். எதிலும் குறையில்லை. அறிக்கையில் அப்படியே எழுதினார். அதன் கீழே, இந்த லிஃப்டில் பயணிகளுக்குத் துணையாக ஒரு ஆபரேட்டரை ஒரு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.