அழகு நிலையத்தில் அரிக்கும் கைகள்

அழகு நிலையம் நடத்துகிறவளின் முகம் எப்படி இருந்தாலும் ஊர் மன்னித்துவிடும். கையை மட்டும் மன்னிக்காது. புதூர்நாட்டில் நான் கடை போட்ட இரண்டாம் வருஷம் கைகளில் எக்சிமா வந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, உரிந்து, வெடித்து, எந்நேரமும் அரிப்பு. பஸ்ஸிலும் பந்தியிலும் கையை ஒளித்துக்கொள்ளும் தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெண்டே ரெண்டு

புருவம் திருத்த வந்த அறிவியல் டீச்சர், என் விரல்களைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். "இது எக்சிமாங்க டீச்சர், தொட்டா ஒட்டாது" என்றேன். தலையாட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா எனக்கு இருக்கறது ரெண்டே புருவம்!"

பத்தியம்

கடைக்கு வந்த ஒவ்வொருத்தரும் ஒரு சாப்பாட்டை நிறுத்தினார்கள். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, பலாப்பழம் கூடவே கூடாது, புளியை மோந்துகூடப் பார்க்காதே. கடைசியில் சாமைச் சோறும் மோரும்தான் மிஞ்சின.

பொறுக்க முடியாமல் வேலூர் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். எனக்குச் சாப்பாட்டால் வந்ததில்லை, தலைக்குப் போடும் டையும் ஷாம்பூவும் ஓயாத ஈரமும்தான் காரணம் என்றார். களிம்பு எழுதிக் கொடுத்து, வெறுங்கையால் எதையும் கழுவக் கூடாது என்றார். ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர், அன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்தையும் துன்னலாம், எதையும் கழுவ வேணாம். இன்னா வியாதிடி இது, எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

டை போட மாட்டேன்

டை போடுவதை நிறுத்தினேன். பாதிப் பேர் அதற்குத்தான் வருவார்கள். கடையை மூடவேண்டி வருமோ என்று பயந்தேன். மாதம் தவறாமல் வரும் மளிகைக் கடை மேரி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் டை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுக்கா இப்டி முழிக்கிற? நீ நின்னு சொல்லு, நானே பூசிக்கிறேன். காதுல பூசிக்கினா மட்டும் சிரிக்காத."

முகூர்த்தத்துக்கு முன்னால்

ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம். நான் கையுறை மாட்டுவதற்குள் பெண்ணின் சித்தி என் கையைப் பார்த்துவிட்டார். "ஐயோ, இந்தக் கையாலயா? வேற ஆள் பாருங்க" என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். நான் பெட்டியை மூடினேன்.

மணப்பெண் எழுந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் அதே சிவப்பு, அதே வெடிப்பு. சித்தி வாயில் கை வைத்துக்கொண்டார். பெண் என் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு எந்த கிரீம் எரியும்னு இவங்களுக்குத்தான் சித்தி தெரியும். நீங்க போய்ட்டு மாப்ள வூட்டாரக் கவனிங்க. அக்கா, நீங்க ஆரம்பிங்க."

மொத்தத்தில் எக்சிமாவோடு காலம் தள்ளுவது சுலபம்தான். சொறியாமல் இருக்க வேண்டிய அந்த இருபத்துநாலு மணி நேரம்தான் கொஞ்சம் சிரமம்.