கிழக்கைப் பார்த்து நான் சொன்ன மழைக்குறி

மும்பைத் தமிழர்கள் மழை வருவதை எதை வைத்துக் கணிக்கிறார்கள் என்று கேட்டு எழுத, ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாள் போய்வந்தேன். எறும்பு, தட்டான், நிலவைச் சுற்றிய வட்டம் என்று மழைக்குறி சேகரிப்பது என் பல வருடப் பைத்தியம். நோட்டில் கோவில்பட்டி வட்டாரம் மட்டுமே நாற்பது பக்கம். அந்தத் திமிரோடுதான் ரயிலேறினேன்.

மாட்டுங்காவில் அறை. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு இட்லி, காப்பி, எண்பது ரூபாய். அடுத்த ஸ்டேஷன் சயான், லோக்கலில் ஐந்து ரூபாய். அங்கிருந்து தாராவிக்குப் பதினைந்து நிமிட நடை. சந்துக்குள் நெல்லைத் தமிழ் காதில் விழுந்ததும் சொந்த ஊர்க்காரன் மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

சந்து முனையில் செல்வக்கனி அக்கா பிரம்புக் கூடைகளைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பளம் இடுவது அவர் வேலை. அப்பள நிறுவனத்தின் மையத்தில் மாவு வாங்கி, தேய்த்து, கூடை மேல் வெயிலில் காயவைத்து மறுநாள் ஒப்படைக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால், வீட்டுக்குள் காயவைக்க இடம் உள்ளவர்களுக்குத்தான் மாவு. அக்காவுக்கு ஒற்றை அறை, அதில் ஐந்து பேர்.

"மழ சமாச்சாரமா கேக்க வந்திருக்கீய? அப்பம் நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. இன்னைக்கு ரெண்டு பங்கு மாவு எடுக்கலாமா? இனி எப்பம் கெடைக்குமோ."

இந்த ஊர் வானம் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே! கீழ்வானம் பளிச்சென்று இருந்தது. எறும்பு முட்டை சுமக்கவில்லை, தட்டான் தாழப் பறக்கவில்லை. "பயப்படாம எடுங்கக்கா. ஒரு சொட்டு விழாது" என்றேன். அவர் மேற்கே ஒருமுறை பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு மாவு வாங்கப் போனார்.

பன்னிரண்டரைக்கு, செம்பூரில் ஒரு பெரியவரைப் பார்க்க ஆட்டோ பிடித்தேன். ஏழு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். நல்ல வெயிலில் ஓட்டுநர் பிளாஸ்டிக் திரையை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இன்னும் ஏக் கண்டாதான் அண்ணாச்சி. சமுந்தர் பக்கம் பாருங்க, ஃபுல் காலா."

ஒரு மணி நேரத்தில் மழை என்கிறார். அப்போதுதான் மேற்கே பார்த்தேன், கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் ஊருக்கு ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும். மும்பைக்குக் கடலே மேற்கில்தான். நாற்பது பக்கம் எழுதியவனுக்கு இது உறைக்கவில்லை. அப்போதாவது வண்டியைத் திருப்பச் சொன்னேனா? இல்லை. பெரியவர் காத்திருப்பார், மேகம் கலைந்தாலும் கலையும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

ஒன்றே முக்காலுக்குக் கொட்டியது. திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. சந்தில் கணுக்கால் தண்ணீர். ஒரு பங்கை அக்கா உள்ளே அள்ளியிருந்தார். இன்னொரு பங்கு கூடைகளின் மேலேயே கூழாகிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குக் காலையிலயே தெரியும் அண்ணாச்சி" என்றார், கூடையை வழித்துக்கொண்டே. "மேக்க, மாஹிம் கடல் பக்கமிருந்து உப்புக்காத்து அடிச்சிச்சு. தொடைக்கத் தொடைக்கக் கூடை பிசுபிசுன்னு இருந்துச்சு. நீங்க நோட்டும் கையுமா வந்திருக்கீய, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

மறுநாள் அவரோடு மையத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். கெட்டுப்போன மாவின் விலையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அன்றைய மாவுப் பட்டியலில் அக்காவின் பெயரை எழுதவில்லை. மழை முடிந்ததும் வாருங்கள் என்றார்கள். அதற்கு நான்கு மாதம் இருந்தது.

ஜூனில் போகிறவர்கள் குடையோடு ரப்பர் செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் ஆட்டோ கிடையாது, சயானுக்கு வந்தால்தான் கிடைக்கும். செம்பூரிலிருந்து திரும்ப, மழை நாளில் இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல மழைக்குறி கேட்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அந்த மூன்று நாளில் பதினோரு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். செல்வக்கனி அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. அவருக்கு நான் மழைக்குறி சொல்லிவிட்டு வந்தேன்.