மிதியில் நின்ற கால்

உங்கள் சின்னத் தாத்தா கீபோர்டை ஆன் செய்வதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் சுவிட்சைத் தொடுவார். விளக்கு எரிந்து பெட்டி கண் விழித்த பிறகு, குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் காலை மெல்ல இறக்கிக் கீழே இருக்கும் மிதியின்மேல் வைப்பார். சிரியுங்கள், தப்பில்லை. அந்தக் கால் எங்கே அப்படிப் பழகியது என்பதை மட்டும் நான் எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. உங்களுக்குச் சின்னத் தாத்தா என்றால் எனக்குச் சித்தப்பா. வீட்டில் ஒரே ஒரு தறி. குழித்தறி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே இறக்கி, அடியில் இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அமுக்குவார். அமுக்கினால் பாவு, அதாவது நீளவாட்டில் கட்டியிருக்கும் நூல், இரண்டாகப் பிரிந்து வழி விடும். அந்த வழியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். அப்பாவுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்த பிறகு குழியில் கால் இறக்கியது சித்தப்பாதான். அப்பா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவார். சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

நெய்யும்போது இழை ஒன்று அறுந்தால் சித்தப்பாவின் கைகள் எல்லாவற்றையும் விட்டுவிடும். கால் மட்டும் விடாது. மிதியை அமுக்கியபடியே அசையாமல் இருப்பார். அவர் காலை எடுத்தால் வழி மூடிக்கொள்ளும், அறுந்த நுனி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அப்பா குனிந்து நுனியைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுவார். போட்ட பிறகு, "காலை எடுடா" என்பார். தறி மறுபடி ஓடும். நான் பாதித் தூக்கத்தில் பாயில் புரண்டுகொண்டு தினமும் கேட்கிற வார்த்தை அது. எனக்கு அதுதான் விடிந்ததன் அடையாளம்.

சாயங்காலமானால் சித்தப்பா பக்கத்துத் தெரு சவுண்ட் சர்வீஸ் பாயின் கடைக்குப் போய்விடுவார். அந்தக் கடையில் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. எங்கள் தெருவில் கீபோர்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதுவானாலும் ஆர்கன்தான். ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ரேடியோவில் கேட்ட பாட்டை எல்லாம் தேடித் தேடி வாசிப்பார்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு மெல்லிசைக் குழுவின் ஆர்கன்காரர் வெளிநாடு போய்விட்டார். குழுவை நடத்திய மாஸ்டரிடம் பாய்தான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை செவிலிமேட்டுல அம்மன் கோயில் கச்சேரி. நல்லா வாசிச்சின்னா திங்கக்கிழமை எங்க வேன்ல ஏறிக்க, மெட்ராஸ்லயே தங்கிக்கலாம். சொதப்பிட்டன்னா கோச்சுக்காதபா, வேற ஆளப் பாத்துக்கறேன்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே, "போய் வாசி. நானும் வந்து பாக்குறேன்" என்றார். மாஸ்டர் போன பிறகு அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அவன் போயிட்டா குழியில யாரு காலை இறக்கறது?"

எனக்கு அது பதில் வேண்டிய கேள்வியாகவே படவில்லை. எனக்கு வேன் மட்டும்தான் மனதில் நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானமே பாயின் டெம்போவில் சித்தப்பாவோடு போய்விட்டேன். செவிலிமேட்டில் அப்போதுதான் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பூசாத செங்கல் சுவர்களுக்கு நடுவே டிரம்களின்மேல் பலகை பரப்பி மேடை போட்டிருந்தார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. மணலும் வேப்பிலையும் கலந்த வாசனை. சீரியல் பல்புகள் பகலிலேயே எரிந்தன, யாரோ கனவில் மறந்து விட்டுப்போன மாதிரி.

சித்தப்பா பாய் கடையின் இரண்டு ஆர்கன்களையும் பாவு மூடும் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதலில் எக்ஸ் மாதிரி விரியும் ஸ்டாண்டை நிறுத்தினார். பலகை மேடு பள்ளமாக இருந்ததால் அது ஆடியது. ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தார், ஆட்டம் நின்றது. கீழ்த்தட்டில் பெரிய ஆர்கன், மேல்தட்டில் சின்னது. ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார், எழுந்து ஸ்டாண்டை ஒரு துளை இறக்கினார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு மிதி. சின்ன இரும்பு நாக்கு மாதிரி இருக்கும். அதை அமுக்கினால் விரலை எடுத்த பிறகும் ஸ்வரம் நின்று ஒலிக்கும். விட்டால் அடங்கிவிடும். பலகையில் அது நழுவிக்கொண்டே போனது. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து கழித்த பட்டு நூலை எடுத்து ஸ்டாண்டின் காலோடு சேர்த்துக் கட்டினார். தறியில் போடும் அதே முடிச்சு.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாபா, ஆர்கன் கட்டறியா, சேலை கட்டறியா?"

"சும்மா இரு பாய். கை நடுங்குது."

"கை நடுங்கினா பரவால்ல. கால் ஸ்டெடியா இருக்குது இல்ல?"

ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் இரைச்சல். பாய் மேடைக்குப் பின்னால் போய், எர்த்துக்காக மண்ணில் அடித்திருந்த இரும்புக் கம்பியைச் சுற்றிக் குடத்து நீரை ஊற்றச் சொன்னார். மண் குடிக்கக் குடிக்க இரைச்சல் குறைந்து, கடைசியில் காணாமல் போனது. மண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஸ்பீக்கர் அமைதியாகிவிடும் என்பதை நான் அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் அது உண்மைதான்.

இருட்டியதும் கச்சேரி ஆரம்பித்தது. நான் சித்தப்பாவின் ஸ்டூலுக்குப் பின்னால், மடித்து வைத்த பழந்துணியின்மேல் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து சித்தப்பாவின் முதுகும் கால்களும்தான் தெரிந்தன. பிள்ளையார் பாட்டு நன்றாக முடிந்தது. அம்மன் பாட்டும் முடிந்தது. அப்பா முன்னால் வராமல், பால் பூத் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். மூன்றாவது பாட்டு மெதுவான சினிமாப் பாட்டு. பாடகி அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆர்கன் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். சித்தப்பா தொடங்கினார். நான்கைந்து ஸ்வரம்தான் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது.

கூட்டம் ஓவென்றது. ஸ்பீக்கர் ஊமையானது. கொஞ்ச நேரம் வானம் மட்டும் இருந்தது, நிறைய நட்சத்திரங்களோடு. பிறகு ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது, பல்புகள் வந்தன, ஆர்கனின் சின்ன விளக்கும் தானாக வந்தது. மாஸ்டர் கையசைத்தார். சித்தப்பா மறுபடி தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட மாதிரி ஒன்றை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஒரு ஸ்வரம்கூட அடங்கவில்லை. முதல் ஸ்வரம் போகாமல் நிற்க, அடுத்தது அதன்மேல் வந்து உட்கார, அதன்மேல் இன்னொன்று. சாயம் நனைத்த நூலைத் தண்ணீரில் அலசும்போது சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று கரையுமே, அந்த மாதிரி. பல்புகளும் மூடிய கடைகளும் ஆற்றுக் காற்றும் அதில் மிதந்தன. நானும் மிதந்தேன். சித்தப்பா ஏதோ மாயம் செய்கிறார் என்று நினைத்தேன். இதற்குத்தான் இத்தனை நாள் பாய் கடையில் பழகியிருக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

மேடையில் மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பாடகி அக்கா தொடங்க இடம் தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா மிதியை அமுக்கினால் ஸ்வரம் கத்தரித்த மாதிரி நின்றது. காலைத் தூக்கினால் எல்லாம் குழம்பியது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, இன்னா பண்ணிக்கினு இருக்கற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார். சித்தப்பா ஆஃப் செய்து ஆன் செய்தார். அதே குழப்பம். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். மறுபடி ஆஃப், ஆன். அதேதான். கூட்டத்தில் ஒருவர், "ஆர்கன் தூங்கிடுச்சுபா, எழுப்பு" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அப்பா வந்தார். சைக்கிளை யாரிடமோ கொடுத்துவிட்டு, முழங்காலை இழுத்து இழுத்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி மேடையின் ஓரத்துக்கு வந்தார். அப்பாவின் தலை பலகை மட்டத்துக்குத்தான் இருந்தது. அவர் ஆர்கனைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் அடியைப் பார்த்தார். அங்கே சித்தப்பாவின் வலது கால் மிதியை அமுக்கியபடி, அறுந்த இழைக்காகக் காத்திருப்பதுபோல அப்படியே நின்றிருந்தது.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடி அந்தக் காலைப் பார்த்தார்.

பிறகு, "காலை எடுடா" என்றார்.

சித்தப்பா குனிந்து தன் காலையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காலைத் தூக்கினார். சுவிட்சை அணைத்தார், போட்டார். ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு விட்டார். அது ஒலித்து, அடங்கியது.

அந்தப் பெட்டிகளின் குணம் அப்படி என்று பிற்பாடு பாய்தான் எனக்கு விளக்கினார். கரண்ட் வரும் நேரத்தில் மிதி எப்படி இருக்கிறதோ, அதையே பெட்டி ஓய்வாக எடுத்துக்கொள்ளுமாம். அமுக்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். வேறு எந்த ஆர்கன்காரரும் கரண்ட் போனால் கையைத் தூக்குவார், காலையும் எடுத்துவிடுவார். சித்தப்பாவின் கால் மட்டும், ஏதோ அறுந்துவிட்டது என்று தெரிந்ததும் மிதியை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது. அப்பாவுக்கு ஆர்கன் தெரியாது. அந்தக் கால் தெரியும்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நல்ல கனவில் இருந்தவனை உலுக்கி எழுப்பிய மாதிரிதான் இருந்தது. மிதந்துகொண்டிருந்ததெல்லாம் தரையில் இறங்கிவிட்டது. பாட்டு சாதாரணப் பாட்டாகிவிட்டது. சித்தப்பா அன்றைக்கு வாசித்ததை ஊரே கைதட்டிக் கேட்டது, பாடகி அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், மாஸ்டர் வேனின் சாவியைச் சுழற்றிக்கொண்டே தலையாட்டினார். நான் மட்டும் அப்பாமேல் கோபமாக இருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் சித்தப்பாவை அதட்டிவிட்டாரே என்று. வீடு திரும்பும்போது சைக்கிளின் பின்சீட்டில் அவரைப் பிடித்துக்கொள்ளாமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடா, தூக்கமா?" என்று கேட்டார்.

நான் கேரியரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் பெடலை ஒரு காலால் மட்டும் மிதித்துக்கொண்டு மெதுவாகப் போனார்.

திங்கட்கிழமை சித்தப்பா வேனில் ஏறினார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உன் கால்..." என்று ஆரம்பித்தார். அப்பா, "போடா, வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான்" என்றார். ஹாரனை யாரும் அடிக்கவில்லை.

மறுநாள் காலை பாயில் புரண்டபோது தறிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. நிதானமாக, நடுநடுவே யோசித்து யோசித்து. கண்ணைத் திறந்தேன். குழியில் அப்பா காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் அம்மா. நூல் சுற்றும் ராட்டினத்தை மூலையில் தள்ளிவிட்டு, கரை நாடாவைக் கையில் வைத்திருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஆசை இருந்திருக்கும், சித்தப்பா போனதால் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இழை ஒன்று அறுந்தது. அம்மாவுக்கு அது புதிது. நுனியைத் தேடினார், தப்பவிட்டார், மறுபடி தேடினார். அதுவரை அப்பா மிதியை அமுக்கியபடியே இருந்தார். அவருடைய முழங்கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா முடிச்சைப் போட்டு, தயங்கி, மெல்லிய குரலில் சொன்னார்.

"காலை எடுங்க."

அப்பா எடுக்கவில்லை. குழிக்குள்ளே, இத்தனை நாள் சித்தப்பாவின் கால் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள்.

அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தோளைத் தொட்டு, "அப்பா, அம்மா காலை எடுக்கச் சொல்லுதுபா" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிடுமே என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.