அக்காவுக்குக் காது கேட்காது

ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் அக்காவும் கொழுந்து பறித்தோம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்குக் காது போய்விட்டது. கல்யாணம் தடைப்படும் என்று அம்மா அதை யாரிடமும் சொல்லவிடவில்லை. எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்தே அக்கா சமாளித்துவந்தாள்.

ஒருநாள் எங்களை வேலை வாங்கும் கங்காணி அவளைப் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"எம்புட்டுத் திமிரு ஒனக்கு!" என்று கூடையைப் பிடித்து இழுத்தார். அக்கா மல்லாந்து விழுந்தாள். பறித்த கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது. பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அவள் என்னையே பார்த்தாள். அம்மாவுக்குப் பயந்து நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அக்கா வேலைக்கு வர மறுத்துவிட்டாள். மனம் கேட்காமல் கங்காணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"முன்னாடியே சொல்லியிருந்தா, எதுக்க வந்து நின்னு பேசியிருப்பேனே, புள்ள. நாளைக்கு வரச் சொல்லு."

அதை அக்காவிடம் சொல்லப் போனேன். என் வாயசைவைப் பார்க்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு அவள் கொழுந்து பறிக்க மலையேறவே இல்லை. பகலிலும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள்.