பேயாண்டி மாமாவின் துணிப் பொண்டாட்டி

பேயாண்டி எனக்குத் தாய்மாமன். என் அம்மாவுக்கு நேர் இளையவர். அவருக்கு முறைப்பெண் சின்னத்தாய். அவள் அப்பா நல்லகாமன், என் அம்மாச்சியின் உடன்பிறந்த அண்ணன். பரிசம் போட்டு, வைகாசியில் கல்யாணம் என்று பேசியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் சர்க்கார், மாமாவுக்கு இன்னொரு பெண்டாட்டியைச் சேர்த்துவைத்தது.

சண்டைக் காலம். வெள்ளைக்காரனுக்கு ஆளும் வேண்டும், நெல்லும் வேண்டும். அதற்குப் படம் பிடிக்கிறவர்கள் பரவைப் பக்கம் வந்து, உழுதுகொண்டிருந்த மாமாவை வரப்பில் உட்கார வைத்தார்கள்.

"அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க."

"அங்கிட்டுக் கழுதைதான சாமி நிக்குது?"

"அதைப் பார்த்தே சிரிங்க."

மாமா சிரித்தார். பல் போதவில்லை என்றார்கள், மறுபடியும் சிரித்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

மாசியில் படம் காட்டும் வண்டி பரவைச் சந்தைக்கு வந்தது. பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணி கட்டினார்கள். எங்கள் சனம் மொத்தமும் முன்னால். துணியில் மாமா சிரித்தார். உடனே கஞ்சிக் கலயத்தோடு ஒருத்தி வந்தாள், பின்னால் மூன்று பிள்ளைகள். அவள் குனிந்து கையை நீட்டினாள். மாமா மறுபடி சிரித்தார். "சர்க்காருக்கு நெல் கொடுத்து மகிழும் உழவர் குடும்பம்!" என்று ஒரு குரல் முழங்கியது.

நல்லகாமன் எழுந்துவிட்டார். "மூணு பிள்ளையாடா?"

"மாமா, நான் கழுதையப் பாத்துல்ல சிரிச்சேன்!"

"கட்டுனவளக் கழுதைங்கிறியே, நீ மனுசனா?"

மறுநாள் பஞ்சாயத்து. துண்டு துண்டாகப் பிடித்து ஒட்டுகிறார்களாம் என்று மாமா அழாத குறையாகச் சொன்னார். எங்கள் வகையறாப் பெரியவர் மலையாண்டி கேட்கவில்லை. "சர்க்கார் பொய் சொல்லும்டா. என் கண்ணு சொல்லுமா?"

அவள் எந்த ஊர்ப் பெண் என்று ஆராய்ச்சி நடந்தது. ராமக்காள் சித்தி, அது கருமாத்தூர் மூக்கு என்றாள். இரண்டு பேர் கருமாத்தூர் போய் ஒவ்வொரு மூக்காகப் பார்த்து, கறிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினார்கள். ஆள் அகப்படவில்லை.

"அவள அத்துவிட்டுட்டு வா. இல்லாட்டி என் மகளச் சோழவந்தான்ல குடுத்துருவேன்" என்றார் நல்லகாமன்.

சின்னத்தாய் கிணற்றடியில் மாமாவை மறித்தாள். "மூணு பிள்ளையவும் நானே வளக்குறேன்னு அய்யாட்ட சொல்லவா மச்சான்?"

"அடியே, நீயுமா!"

எங்களில் புருசன் பெண்டாட்டி பிரிவதென்றால், அவன் ஒரு துரும்பைக் கொடுப்பான். அவள் கை நீட்டி வாங்கினால் தீர்ந்தது. மலையாண்டி தீர்ப்புச் சொன்னார்: "அவ இருக்குறது துணியில. துணியிலயே குடு."

பங்குனியில் வண்டி திரும்ப வந்தது. இம்முறை படம் பிடிக்கிறவரும் பெரிய விளக்கோடு கூட வந்திருந்தார். மாமா குளித்து, வேட்டி மாற்றி, வைக்கோல் துரும்போடு துணிக்குப் பக்கத்தில் நின்றார். துணியில் அவள் வந்தாள், குனிந்தாள், கையை நீட்டினாள். மாமா அந்த உள்ளங்கையில் துரும்பை வைத்து அழுத்தினார்.

"வாங்கிட்டாடா!" என்று கத்தினார் மலையாண்டி.

விசில் பறந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நல்லகாமன் துண்டைச் சுழற்றி வீசினார். அதற்குள் துணியில் அவள் போய்ப் பட்டாளம் நடந்துகொண்டிருந்தது. அதை யார் பார்த்தது? படம் பிடிக்கிறவர் மட்டும் விளக்கையும் படப்பெட்டியையும் எங்கள் பக்கம் திருப்பி, அதன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆடியில் புதுப்படம் வந்தது. பட்டாளம் நடக்கிறது, உடனே எங்கள் சனம் ஆர்ப்பரிக்கிறது, துண்டை வீசுகிறார் நல்லகாமன். "வீரர்களைக் கண்டு பூரிக்கும் மதுரைச் சீமை!" என்றது குரல்.

விளக்கு அணைந்ததும், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வண்டியோடு வந்தவர் நேரே நல்லகாமனிடம் வந்தார். "பெரியவரே, இம்புட்டுப் பிரியமா! உங்க வீட்டுல யாரைப் பட்டாளத்துக்கு அனுப்புறீங்க?"

"அய்யா, அது பட்டாளத்துக்கு வீசுனது இல்லய்யா. எங்க மாப்ள துணிக்குள்ள இருந்தவளத் துரும்பு குடுத்து அத்துவிட்டாரு, அந்தச் சந்தோசத்துல வீசுனது."

"எந்த மாப்ள? கூப்பிடுங்க பாப்போம்."

மாமாவும் சின்னத்தாயும் அப்போதே சந்தையைத் தாண்டி, கண்மாய்க்கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.